உள்பக்கம் கொண்டி போட்ட அறை

1

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இம்முறையும் வரமாட்டேன் என்று என் மகள் நிலா சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் றால் பொரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. நோர்வேக்கு வந்து இந்த பெர்கன் நகரத்தில் குடியேறிய நாளிலிருந்து மழையைப் பற்றி ஊருக்கு எழுதாத கடிதம் இல்லை. ஆகவே இம்முறை அதை விடுகிறேன்.

நிலா பல்கலைக்கழகம் போகிறாள். சின்ன வயதில் இதே விழாவில் காவடி எடுத்து ஆடியவள். பிறகு மேடையை விட்டாள், பிறகு பார்க்க வருவதையும் விட்டாள். வயது, மொழி, நோர்வேஜியச் சிநேகிதிகள் என்று நானே எனக்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் நேரே கேட்டேன்.

"பாட்டுப் பிடிக்கேல்லையோ, சாப்பாடு பிடிக்கேல்லையோ?"

"அதெல்லாம் ஓகே அம்மா. அந்தப் படிதான்."

"எந்தப் படி?"

"மண்டபத்துக்கு ஏறுற படி. ரெண்டு பக்கமும் ஆம்பிளையள் நிக்கிறாங்கள். சாறி கட்டிக்கொண்டு போனால் போனில வீடியோ எடுக்கிறாங்கள். கடைசியா வந்த முறை ஒருத்தன் என்ர முதுகில கை வைச்சவன். திரும்பிப் பார்த்தன், எல்லாரும் சிரிச்சவங்கள்."

பாதி தமிழிலும் பாதி நோர்வேஜிய மொழியிலும் சொன்னாள். 'முதுகு' என்ற சொல் வரவில்லை, கையால் தொட்டுக் காட்டினாள். அடுப்பை நிறுத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

அந்தக் கிழமையே சங்கக் கூட்டம். செயலாளர் ரமணனிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல பிள்ளை, ஆருக்கும் ஓடிப் போய் உதவி செய்கிறவர்.

"அக்கா, பொடியங்கள் பகிடிக்குச் செய்யிறது. இதைப் பெரிசாக்கினால் சனம் வராது" என்றார்.

"ஒரு பிள்ளை ஏற்கெனவே வரேல்லை. அது சனம் இல்லையோ?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்தார்கள். மண்டப வாசலில் ஒரு மனிசருக்கு என்ன நடக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

2

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வேலை செய்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. பாமன்கடையில் அண்ணாவோடு குடியிருந்தேன், நடந்தே போவேன். கல்யாணம், அரங்கேற்றம், பாடசாலை விழா என்று நாள் பதிவதிலிருந்து ஜெனரேற்றருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பது வரை என் வேலை.

ஒவ்வொரு குண்டு வெடிப்புக்குப் பிறகும் வாசல் சோதனை கூடியது. பயம் பொய்யில்லை. காலையில் வேலைக்குப் போனவர்கள் பின்னேரம் வீடு திரும்பாத காலம் அது. திரும்பாதவர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆகவே சோதனை வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் அது நடந்த விதம் வேறு. கேற்றடியில், றோட்டுக்கரையில், ஒரு மேசை. தனியார் கொம்பனிக் காவலாளிகள், எல்லாரும் ஆண்கள். பொம்பிளைகளின் கைப்பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டுவார்கள். சீப்பு, மருந்துக் குளிசை, பஞ்சுப் பொட்டலம் எல்லாம் வரிசையில் நிற்பவர்களின் கண்ணுக்கு முன்னால் உருளும். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைச் சத்தமாக வாசிப்பார்கள். "யாப்பனய?", யாழ்ப்பாணமோ என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டால் முழு ஒழுங்கையும் திரும்பிப் பார்க்கும். பட்டுச் சேலையும் தலையில் பூவுமாகக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் உள்ளே வரும்போது முகம் வேறாக இருக்கும்.

எங்கள் சனம் பழகிவிட்டது. கைப்பை கொண்டுவராமல் விட்டார்கள். பிறகு சிலர் வராமலே விட்டார்கள்.

3

அன்று பின்னேரம் ஒரு பாடசாலையின் இசை விழா. முதலில் பாட இருந்தவள் வாணி, கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை. மைக் சரி பார்க்கும்போது என்னிடம் வந்தாள்.

"அக்கா, முன்வரிசையில ஒரு கதிரை வைச்சுத் தருவியளோ? அம்மா வன்னியில இருந்து வந்திருக்கிறா. அவவுக்கு ஒரு கால் பொய்க்கால், கனநேரம் நிக்க ஏலாது. நான் மேடையில பாடி அவ ஒருநாளும் கேக்கேல்லை."

தாயின் பெயர் சிவமலர். ஷெல் விழுந்து கால் போனவர். பழைய பொய்க்கால் கடிக்கிறது என்று, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் புதுக்கால் பொருத்த வந்திருந்தார்.

கதிரையை வைத்தேன். மண்டபம் நிறைந்தது. அந்தக் கதிரை மட்டும் வெறுமையாகவே இருந்தது. என்னவென்று பார்க்க வெளியே வந்தேன்.

கேற்றின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஒரு பெண் நின்றார். அவருடைய மற்றக் கால், செருப்புப் போட்டபடி, மேசையில் கிடந்தது. சோதனைக் கருவி காலடியில் கத்தியதும் காவலாளி "கலவன்ன" என்றிருக்கிறான். அவருக்குச் சிங்களம் தெரியாது. வரிசையில் நின்ற ஆரோ "கழட்டட்டாம்" என்று சொன்னார்களாம். சேலைக்குள் கையை விட்டு, வாரை அவிழ்த்து, கழற்றிக் கொடுத்திருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் றோட்டைப் பார்த்தார்கள், மதிலைப் பார்த்தார்கள், காகத்தைப் பார்த்தார்கள்.

"தென்ன, அய்யே" என்று கையை நீட்டினேன். காவலாளியும் இளம் வயதுதான். என்னை நிமிர்ந்து பார்க்காமல் காலை எடுத்துத் தந்தான். "பொலிஸ் ஓடர், மிஸ்" என்றான்.

சிவமலரைப் பிடித்துக் கூட்டிவந்து வாசற்படியில் இருத்தினேன். அவர் வாரைக் கட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே வாணியின் குரல் எழுந்தது.

"வாங்கோ அக்கா, முன்னுக்குக் கதிரை வைச்சிருக்கிறன். பிள்ளை பாடத் துவங்கிட்டா."

"வேண்டாம் பிள்ளை." வாரை இறுக்கினார். "ஷெல் விழுந்தண்டைக்கு ஊர்ச்சனமெல்லாம் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினது. உடுப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. அண்டைக்கு எனக்கு வெக்கம் வரேல்லை. இண்டைக்கு வந்திட்டுது. இந்த முகத்தோட போய் அவளுக்கு முன்னால இருக்க மாட்டன்."

பாட்டு முடியும்வரை அந்தப் படியில் இருந்து கேட்டார். முடிந்ததும் எழுந்தார். நான் மறித்த ஆட்டோவில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார்.

நிகழ்ச்சி முடிந்து வாணி ஓடி வந்தாள். "அம்மா வந்தவவோ?"

"வந்தவ. உன்ர பாட்டு முழுக்கக் கேட்டவ."

"பிறகேன் நிக்காமல் போனவ?"

அந்தப் பாடசாலை அடுத்த மாதமும் எங்கள் மண்டபத்தைப் பதிந்திருந்தது. வாணி அதிலும் பாடுவாள். சிவமலரின் கால் வேலை முடிய அதுவரை செல்லும் என்று கேட்டறிந்தேன். அதற்குள் இந்த வாசலை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

4

மண்டப முகாமையாளர் நடராஜா ஐயா பயந்த மனிதர். பயப்பட அவருக்குக் காரணமும் இருந்தது. "பிள்ளை, இது தமிழ் ஆக்கள் நடத்துற மண்டபம். செக்கிங்கைப் பற்றி வாய் திறந்தால், நீ ஏன் திறக்கிறாய் எண்டுதான் முதல்ல கேப்பாங்கள்" என்றார்.

என் சிங்களம் சந்தையிலும் பஸ்ஸிலும் பொறுக்கியது. பொலிஸ் நிலையத்துக்கு அது போதாது. எங்கள் பக்கத்து வீட்டில் பிரேமா அக்கா இருந்தார், சிங்களவர், தையல் ரீச்சர். ஆனால் அவரிடம் போக எனக்குத் தயக்கம். அவருடைய கணவர் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் வேலை செய்தவர். அங்கு நடந்த குண்டு வெடிப்பில் இறந்துபோனார். அந்த வீட்டில் போய்ச் சோதனையைப் பற்றி முறையிடுவது எப்படி?

ஆனாலும் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சோதிக்கத்தான் வேணும்" என்றார் கடைசியில். "அந்தக் கட்டடத்து வாசலில் ஒருத்தர் ஒழுங்காகச் சோதிச்சிருந்தால் என் மனுசன் இன்றைக்கு இருப்பார். இதை நீ மறக்கக் கூடாது."

"மறக்க மாட்டன் அக்கா."

"ஆனால் ஒரு பொம்பிளையின் காலை றோட்டில் கழற்றி மேசையில் வைப்பது சோதனை இல்லை. அவனுக்கு அந்தக் காலைப் பார்க்கவே வெக்கமாக இருந்திருக்கும். வெக்கப்படுகிறவன் எதைச் சோதிப்பான்?" நூலைக் கத்தரித்தார். "எப்போது பொலிசுக்குப் போகிறோம்?"

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு முன்னால் நான் முதல் வசனத்திலேயே காரியத்தைக் கெடுத்தேன். பதற்றத்தில் அவரை "ஒயா" என்று அழைத்துவிட்டேன். அது கூட்டாளியைக் கூப்பிடுகிற சொல். அவர் முகம் இறுகியது. பிரேமா அக்கா "மாத்தயா, மன்னிக்க வேணும், இவளுக்கு நான்தான் சிங்களம் படிப்பிக்கிறேன், நான் நல்ல ரீச்சர் இல்லை" என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பிரேமா அக்காதான் கதைத்தார். பொம்பிளைகளைப் பொம்பிளைகளே, ஒரு அறைக்குள் வைத்துச் சோதிப்பது. ஒருவரும் தப்பிப் போக மாட்டார்கள், இப்போது நடப்பதைவிட ஒழுங்காகவே நடக்கும் என்றார்.

"அறைக்குள் ஏதும் நடந்தால்?" என்று கேட்டார் அதிகாரி.

"அறைக்குள் நானும் நிற்பேனே, மாத்தயா. முதலில் சாகிறது நான்தான். என் மனுசனுக்கு நடந்தது எனக்கு நடக்க விடுவேனா?"

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டு யோசித்தார். முதல் தடவைகளில் ஒரு பெண் கொன்ஸ்தாபிளும் நிற்க வேண்டும், மண்டபத்தின் சார்பில் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும், ஏதும் நடந்தால் பிடிபடுவது அவர்தான் என்றார். நடராஜா ஐயாவைக் கேட்காமலே என் பெயரைச் சொன்னேன்.

வீட்டில் அண்ணா கத்தினார். "யாழ்ப்பாணத்தில பிறந்த தமிழ்ப் பெட்டை, பொலிசில கையெழுத்து வைச்சிட்டு வந்திருக்கிறாய். நாளைக்கு உன்னைக் கொண்டுபோனால் நான் எங்க தேடுறது?"

அவர் சொன்னது உண்மை. ஆனால் மேசையில் கிடந்த அந்தச் செருப்புக் கால் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் உடைந்த கதிரைகள் அடுக்கி வைத்த அறை ஒன்று இருந்தது. அதை வெறுமையாக்கினோம். வெள்ளையடித்தோம். பிரேமா அக்கா தடித்த துணியில் திரை தைத்தார். கைபிடி உள்ள கதிரை ஒன்று, நல்ல வெளிச்சம். பையை அதன் சொந்தக்காரியே திறந்து காட்டலாம். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். அடையாள அட்டையைக் கண்ணால் வாசித்தால் போதும், வாயால் வாசிக்கத் தேவையில்லை.

அந்த ஏற்பாட்டில் நடந்த முதல் கல்யாணத்தில் எங்கள் சொந்த முகமும் தெரிந்தது. கொழும்பு வீடொன்றில் பிள்ளை பார்க்கிற ஆயா, மலையகத்தில் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்தவர், முத்தம்மா என்று பெயர். வீட்டுக்காரரின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்து சோதனை முடித்து வெளியே போனார். உள்வாசலில் பட்டுவேட்டியோடு நின்ற எங்கள் ஆள் ஒருவர் மறித்தார். குழந்தையை வாங்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, "நீ படியில இரு" என்றார்.

"பரவாயில்லைங்க, நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்று முத்தம்மா இருந்துவிட்டார்.

பிரேமா அக்கா என்னைப் பார்த்தார். "இதுவும் பொலிஸ் ஓடரா?"

நான் நேரே நடராஜா ஐயாவிடம் போய், "ஐயா, கேற்றடியில நடந்தது பிழையெண்டால் இதுவும் பிழைதானே" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. பிறகு தானே படிக்குப் போய், "எழும்பி உள்ளுக்கு வாங்கோ அம்மா, கதிரை இருக்கு" என்றார். ஒரு வேலைக்காரப் பெண்ணை அவர் "வாங்கோ" என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதன் பிறகு அவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படியில் ஒருவரையும் இருக்க விடவில்லை.

5

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சிவமலர் தங்கையின் வீட்டில், ஜன்னலோரம், புதுக்காலைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா வந்தது காணும் பிள்ளை" என்றார் நான் வாய் திறக்கும் முன்பே.

அறையைப் பற்றிச் சொன்னேன்.

"ஆர் சோதிக்கிறது?"

"ஒரு சிங்கள அக்கா. நானும் நிப்பன்."

"கதவு இருக்கோ, திரை மட்டுமோ?"

"கதவும் இருக்கு."

"உள்பக்கம் கொண்டி இருக்கோ?"

இல்லை. கதவுக்கு வெளியில் மட்டும்தான் பூட்டு. அது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் கழட்டிக்கொண்டிருக்கேக்க ஆரும் கதவைத் தள்ளினால்?" என்றார். "கொண்டி போடு பிள்ளை. பிறகு யோசிக்கிறன்."

அடுத்த நாள் காலை தச்சுவேலைக்காரரைக் கூட்டிவந்து பித்தளைக் கொண்டி ஒன்று போடுவித்தேன். அறையைப் பார்வையிட வந்த பெண் கொன்ஸ்தாபிள் அதைப் பார்த்து முகம் சுளித்தார். உள்ளே பூட்டிக்கொண்டு என்ன செய்வார்கள் என்று கேட்டார். "உள்ளே நானும் நிற்கிறேனே, மிஸ்" என்றார் பிரேமா அக்கா. அவர் மேலே கேட்கவில்லை.

விழா நாள். வரிசை நகர்ந்தது. வருவாரா என்று தெரியாமல் நான் கேற்றுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நீலச் சேலை கட்டி, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிவமலர் இறங்கினார். அறைக்குள் கூட்டிவந்தேன். அவரே கொண்டியைப் போட்டார். போட்டுவிட்டு ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

கருவி காலடியில் கத்தியது. பிரேமா அக்கா அதைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்த தமிழில், "பாக்கலாமா?" என்றார்.

சிவமலர் கதிரையில் இருந்து, சேலையை முழங்கால்வரை தானே உயர்த்தினார். பிரேமா அக்கா குனிந்து, வாரையும் பொருத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை. நிமிரும்போது, "ரிதெனவாத?" என்று கேட்டார்.

"என்னவாம்?"

"நோகுதோ எண்டு கேக்கிறா."

"மழை வந்தால் நோகும். இல்லாத காலும் சேர்ந்து நோகும்."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். பிரேமா அக்கா தலையாட்டினார். "எனக்கும் அப்படித்தான் என்று சொல்லு" என்றார். அவர் கணவரின் கதையை நான் சொன்னேன். சிவமலர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழும்புவதற்காகக் கையை நீட்டினார். தங்கையிடமோ என்னிடமோ அல்ல, அவரிடம் நீட்டினார்.

முன்வரிசையில் தாயைக் கண்டதும் வாணிக்கு முதல் அடியிலேயே குரல் தடுமாறியது. நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்டாள். சுருதியைப் பிடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நான் வாசலில் நின்று கேட்டேன். எனக்குப் பின்னால் இரண்டு முஸ்லிம் தாய்மார் கைக்குழந்தைகளோடு அறைக்காகக் காத்து நின்றார்கள். பிரேமா அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சிவமலர் பாஸ் முடிந்து வன்னிக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. நான் கல்யாணமாகி இங்கே வந்தேன்.

6

இந்த நாட்டு நகரசபை எதற்கும் விதி வைத்திருக்கிறது. சக்கர நாற்காலி எந்த வழியால் வரும், நெருப்புப் பிடித்தால் எந்தக் கதவு என்றெல்லாம் மண்டபம் வாடகைக்கு எடுக்கும்போது கேட்பார்கள். எல்லாம் நல்ல கேள்விகள். படியில் ஆர் நிற்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அதை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

கூட்டத்தில் கதையைச் சொல்லி முடித்தபோது ரமணன் குனிந்துகொண்டிருந்தார். "சரி அக்கா, என்ன செய்யோணும்?" என்றார். படியில் ஒருவரும் தரித்து நிற்கக் கூடாது என்றேன். மேலும் கீழும் சங்கத்தின் அட்டை மாட்டியவர்கள் நிற்க வேண்டும். கை வைத்தவன் ஆருடைய மகனானாலும் வெளியே போக வேண்டும். மேடையேறுகிற பிள்ளைகள் சேலை கட்டுவது மண்டபத்துக்குள் நடைபாதையில், ஆட்கள் போய்வருகிற இடத்தில். அதற்கு ஒரு மறைப்பு வேண்டும்.

மண்டபப் பராமரிப்பாளரிடம் நோர்வேஜிய மொழியில் "ஷெர்ம்" வேண்டும் என்று நான்தான் கேட்டேன். மறைப்புக்கு அதுதான் சொல் என்று நினைத்திருந்தேன். விழாவன்று காலை அவர் பெரிய தொலைக்காட்சித் திரை ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நடைபாதையில் நிறுத்தி, இணைப்பும் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். இருபது வருடம் இருந்தும் இப்படித்தான். நிலாவுக்குப் போன் அடித்துக் கேட்டேன், சரியான சொல் என்னவென்று. அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நில்லுங்கோ அம்மா, நான் வந்து சொல்லுறன்" என்றாள்.

வந்தாள். பராமரிப்பாளரோடு போய் மடக்குத் தட்டிகளை எடுத்துவந்தாள். போகவில்லை. கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு படியின் மேல்முனையில் நின்றாள். கீழ்முனையில் நான். வழக்கமாக நிற்கிறவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் சுவரில் சாய்ந்தான்.

"இஞ்ச நிக்க ஏலாது. ஒண்டு மேல வாங்கோ, இல்லாட்டிக் கீழ போங்கோ" என்றாள் நிலா.

"நீ ஆர் அதைச் சொல்ல?"

ரமணன் என்னைக் கடந்து ஏறினார். "தம்பி, அவ சொன்னதைக் கேள்" என்றார். அவன் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனான். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு காரெடுத்துப் போய்விட்டார்கள். போகட்டும். அடுத்த வருடமும் இதே படியில்தான் நிற்பேன்.

தட்டிகளை மடித்துக் கொடுக்கும்போது நிலா கேட்டாள்.

"அடுத்த கொமிற்றிக் கூட்டம் எப்ப அம்மா?"

"ஏன்?"

"நான் மட்டும் இல்லை. என்ர பிரெண்ட்ஸ் நாலு பேர் இப்பிடித்தான் வராமல் விட்டவை. எனக்குக் கனக்கக் கதைக்க இருக்கு. தமிழிலதான் கதைக்கோணுமோ?"

"உனக்கு வாற மொழியில கதை. விளங்காத ஆக்கள் கையை உயர்த்திக் கேக்கட்டும்" என்றேன்.